எத்திங்களில் சென்னையைக் காண்பது?

நுழையும்முன்

ஓர் ஊரைக் காண ஏற்ற காலம் எது? பயணம் புறப்படுமுன் எல்லாரும் கேட்கும் வினா இது. வெயிலையும் மழையையும் மட்டும் கருதி இதற்கு விடை கூறிவிடலாமா? அவ்வூர் மக்களின் வாழ்வுக்கும் விழாவுக்கும் அவ்விடையில் இடமில்லையா? மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

எல்லாரும் கூறும் விடை

சென்னைக்கு எப்போது வரலாம் என்று கேட்டால், "டிசம்பர், ஜனவரியில் வாருங்கள்" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஜனவரியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. மே மாதத்திலோ 37 டிகிரியைக் கடந்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெப்பம் பதிவானது. அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகலில் தெருவில் இறங்க உள்ளூர் மக்களே தயங்குவர். அவ்வாறிருக்க, விருந்தினரை அப்போது அழைப்பது எங்ஙனம்?

எனினும், குளிர்ச்சி மட்டுமே ஒரு நகரைக் காண்பதற்குரிய அளவுகோல் ஆகுமா என்பதே என் ஐயம்.

மார்கழியின் சிறப்பும் எல்லையும்

மார்கழியில் சென்னைக்குத் தனி அழகு உண்டு. விடியுமுன் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாடல் ஒலிக்கும். வாசல்தோறும் கோலம் மலரும். பிற்பகல் தொடங்கி இரவு வரை அரங்குகளில் இசையும் நடனமும் நிகழும். 1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு சென்னையில் கூடியபோது, அதனையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. பின்னர்ச் சபைகள் பல பெருகி, டிசம்பர் என்றாலே இசை என்னும் நிலை உருவாயிற்று. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்துக்கொண்டது.

ஆயினும், இவ்விழா பெரிதும் அரங்குகளுக்குள் நிகழ்வது. அரங்கிற்கு வாயில் உண்டு. வாயிலுக்குள் செல்வோர் சிலர், வெளியே நிற்போர் பலர். தமிழ் மண்ணில் தமிழ்ப் பாடலுக்கே மேடையில் உரிய இடமில்லை என்ற குறை எழுந்ததால்தான், 1943இல் அண்ணாமலை அரசர் தமிழிசைச் சங்கத்தை நிறுவினார். தைப் பொங்கலையொட்டிப் பறையும் கரகமும் பூங்காக்களிலும் திறந்தவெளிகளிலும் ஒலிக்க, 2007இல் 'சென்னை சங்கமம்' என்னும் விழா தொடங்க வேண்டியிருந்தது. மார்கழி காட்டுவது சென்னையின் ஒரு முகத்தை. அதுவே முழு முகம் அன்று.

விலக்கப்படும் மாதங்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் பயணிகள் விலக்கும் மாதங்கள். சென்னை ஓராண்டில் பெறும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டதை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அம்மழை அளவு மீறினால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பர் காட்டியது. அடையாறு கரைபுரண்டு ஓடியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகள் மூழ்கின. தியாகராய நகரின் தெருக்களில் மழைநீர் தேங்குவதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்தே அந்நகர்ப் பகுதி அமைக்கப்பட்டது. ஏரி மறைந்தது, 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

அம்மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை 2019 கோடை காட்டியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. குடங்கள் தெருவில் வரிசையாக நின்றன. சோலையார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொணரப்பட்டது. ஆகவே, தை மாதத்தில் வரும் விருந்தினர் பருகும் நீர், அவர் விலக்கிய ஐப்பசி தந்த நீர். நாம் வேண்டாம் என்னும் மாதங்களே நாம் விரும்பும் மாதங்களைத் தாங்கி நிற்கின்றன.

வீதிக்கு வரும் விழா

ஒரே ஒருமுறைதான் வர இயலும் என்பாருக்கு நான் பரிந்துரைக்கும் காலம் பங்குனி. மழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிராது. பகலில் வெயில் உறைத்தாலும், பிற்பகலில் கடற்காற்று வந்து ஆற்றும். ஆனால், என் பரிந்துரைக்குக் காரணம் காற்று அன்று, அறுபத்துமூவர் விழா.

மயிலைக் கபாலீசுவரர் கோவிலில் பங்குனிப் பெருவிழா பத்து நாள் நடைபெறுகிறது. ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் பிற்பகல் நாயன்மார் அறுபத்துமூவரின் திருமேனிகளும் பல்லக்குகளில் மாட வீதிகளை வலம் வருகின்றன. அவருள் ஒருவரான வாயிலார் நாயனார் இதே மயிலையில் பிறந்தவர். அன்று வீதியே அரங்கு; அதற்குக் கதவு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. நெடுந்தொலைவிலிருந்து வந்தவரும் எதிர்வீட்டுக்காரரும் தோளோடு தோள் உரசி நிற்பர். வழிநெடுகப் பந்தலிட்டு நீர்மோரும் பானகமும் உணவும் வழங்குவர். பெறுபவர் யார், எவ்வூர் என்று எவரும் வினவுவதில்லை. தண்ணீருக்குத் தவித்த நகரம் முன்பின் அறியாதவருக்கு மோர் வார்க்கும் அந்நாளில் அதன் உள்ளம் புலப்படும்.

இதற்கு மறுப்பும் உண்டு. அன்றைய நெரிசல் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் எளிதன்று. மாணவருக்கோ அது தேர்வுக் காலம். ஆகவே, அரையாண்டு விடுமுறையில் வரும் மாணவரை நான் தடுக்க மாட்டேன். அவர்கள் இசை அரங்கில் ஒரு மாலையைச் செலவிடட்டும். தை மாதத்தில் வருவோர் புத்தகக் காட்சியில் ஒரு பகலைக் கழிக்கட்டும். தையிலிருந்து பங்குனி வரை பெசன்ட் நகர்க் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள், இந்நகர் மனிதருக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்தும். ஆனால், அவ்வளவில் சென்னையைக் கண்டுவிட்டதாக எண்ணிவிட வேண்டா.

பழைய விடை

இவ்வினாவுக்கு மயிலையில் ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. அரவு தீண்டி இறந்த பூம்பாவையை எழுப்பத் திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகக் கூறி, இவற்றைக் காணாமலா செல்கிறாய் என்று அப்பெண்ணை அவர் வினவுகிறார். உயிரை மீட்டழைக்க அவர் காட்டியது ஒரு திங்களை மட்டும் அன்று. மழைத் திங்களும் பனித் திங்களும் வெயில் திங்களும் சேர்ந்த ஊரின் வாழ்வை.

பயணி ஒரு திங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அங்கு வாழ்பவருக்கு அவ்வுரிமை இல்லை. பன்னிரு திங்களும் அவருடையவையே. எனவே, ஓர் ஊருக்குச் செல்லும்போது நாம் காணாத மாதங்களைப் பற்றியும் அவ்வூராரிடம் கேட்டறிவோம். நம் ஊருக்கு ஒருவர் வர விரும்பினால் எத்திங்களில் வரச் சொல்வோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அதற்குக் கூறும் விடையில், நம் ஊரை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.