தறிக்கு இரும்பு வீடா? குழி எங்கே?

"குழி எங்கே?"

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் கேட்ட கேள்வி இது. யாரிடம் கேட்டார்? இரும்புக் கட்டடம் விற்க வந்த ஓர் இளைஞரிடம்!

இளைஞர் கையில் ஒரு படம். வழவழப்பான தாள். நீல நிறக் கூரை, வெள்ளைச் சுவர், அகலமான கதவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ஐயா! எல்லாம் எங்கள் தொழிற்சாலையிலேயே தயாராகிவிடும். லாரியில் வந்து இறங்கும். போல்ட்டுப் போட்டு முடுக்க வேண்டியதுதான் வேலை. பத்தே நாளில் கட்டடம் நிற்கும்" என்றார் அவர்.

நெசவாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, தம்பி. குழி எங்கே?"

"எந்தக் குழி ஐயா?"

"நான் காலை எங்கே வைப்பது?"

இளைஞர் திருதிருவென்று விழித்தார். பாவம், அவர் குழித்தறியைப் பார்த்ததே இல்லை! உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நெய்கிறவர் தரையோடு தரையாக உட்காருகிறார். கால்கள் குழிக்குள் இருக்கின்றன. மிதிகட்டையும் குழிக்குள்ளேதான். குழி இல்லாவிட்டால் தறி ஏது?

நானும் அப்போது அங்கே இருந்தேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தறிக்கு இரும்புக் கட்டடம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், விற்கிறவர் காட்டும் கட்டடத்துக்குள் தறியைத் திணிக்கக் கூடாது. தறியைக் காட்டி, "இதற்குக் கட்டடம் செய்து கொடு" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில லட்ச ரூபாய். அதாவது, ஒரு நெசவுக் குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு!

மகன் சொன்ன யோசனை

ஓட்டு வீடுகள் பழசாகிவிட்டன. உத்தரம் உளுத்துப் போகிறது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்து மாற்றினாலும், கோவில் பக்கத்துக் குரங்குகள் சும்மா இருப்பதில்லை. மறுநாளே பிரித்துப் போட்டுவிடுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் வந்தன. காஞ்சீபுரத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். பெரிய பெரிய இரும்புக் கூரைகளின் கீழே நிற்கிறார்கள். நடுவே ஒரு தூண்கூட இல்லை! வீட்டுக்கு வந்து, "அப்பா, நம் தறிக்கும் இப்படி ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் தப்பில்லை. மகன் தறியை மறந்துவிடவில்லை என்பதே சந்தோஷம்தான்.

இந்த வித்தை ஒன்றும் புதிது அல்ல. நெளிவுத் தகட்டை 1829-ல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் கண்டுபிடித்தார். 1851-ல் அதே லண்டனில், கண்காட்சிக்காகப் 'பளிங்கு மாளிகை' என்ற பிரம்மாண்டமான இரும்பு, கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. உறுப்புகளைப் பட்டறையில் செய்து, கொண்டுவந்து கோத்தார்கள். பிறகு கழற்றி, வேறு இடத்தில் 1854-ல் திரும்ப நிறுத்தினார்கள்! நம் வரதராஜப் பெருமாள் கோவில் நூற்றுக்கால் மண்டபத்தைப் பாருங்கள். தூண் தனி, போதிகை தனி, உத்தரம் தனி. செதுக்கிக் கோத்ததுதானே?

பாவு ஏற்றிய பிறகு...

இப்போது செய்யும் முறை என்ன? இரும்புத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, தூணும் கைமரமும் தொழிற்சாலையில் செய்கிறார்கள். பாரம் அதிகம் விழும் இடத்தில் அகலமாகவும், குறைவாக விழும் இடத்தில் ஒடுக்கமாகவும் செய்வார்கள். அதனால் இரும்பு மிச்சம். போல்ட்டுக்கு வேண்டிய துளைகளையும் அங்கேயே போட்டுவிடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. செய்து முடித்த பிறகு மாற்ற முடியாது. பாவு ஏற்றிய பிறகு சேலையின் அகலத்தைக் கூட்ட முடியுமா? அது போலத்தான் இதுவும். ஜக்கார்டுப் பெட்டியைக் கூரை இரும்பில் தொங்கவிடப் போகிறீர்களா? அந்தப் பாரத்தை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நீங்களாகத் துளை போட்டுத் தொங்கவிட்டால் ஆபத்து.

ஆகவே, முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தறியண்டை போங்கள். தறியின் நீளம், அகலம், பெட்டியின் உச்சி வரை உயரம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலை நெய்கிற வீடானால் மூன்று நாடா ஓடும். பக்கத்தில் துணை ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பாவு நீட்டுகிற திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகளை விற்கிறவர் கையில் கொடுத்த பிறகுதான் அவருடைய படத்தைப் பார்க்க வேண்டும்!

ஆள் தாங்கினாலும் பட்டு தாங்காது

சித்திரை, வைகாசியில் காஞ்சீபுரத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. அப்போது வெறும் தகரக் கூரையின் சூடு எவ்வளவு தெரியுமா? 60 டிகிரிக்கும் மேல் போகும்! அந்தச் சூடு அப்படியே கீழே இறங்கும்.

மனிதர் எப்படியோ தாங்கிக்கொள்வார். பட்டு தாங்காது. பட்டு நூல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமுடையது. 100 கிராம் உலர்ந்த பட்டுக்கு 11 கிராம் ஈரம் இருக்கலாம் என்பது பட்டு வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. காற்று வறண்டால் நூலும் வறளும். வறண்ட நூல் மொடமொடக்கும், பட்டென்று அறும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அறுந்ததைத் தேடிப் பிடித்து முடி போட வேண்டும். கூலியோ நாளுக்கு அல்ல, சேலைக்கு! முடி போடுகிற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்?

குழித்தறியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மண்தரையின் குளிர்ச்சி பாவுக்குக் கிடைக்கிறது. மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் உள்ள இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறுகிறது. ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டு, தரை முழுவதும் சிமெண்டு பூசினால் இரண்டு குளிர்ச்சியும் ஒரே நாளில் போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது? ஒற்றைத் தகரம் வேண்டவே வேண்டாம். தகட்டுக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அல்லது இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த 'பஃப்' பலகையைக் கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும். மற்ற எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள் என்பேன். நுரைப் பலகை தீப்பிடித்தால் எப்படி எரியும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பட்டும் எரியும் பொருள்தானே! கூரையின் நிறம் வெள்ளையாக இருக்கட்டும். நீலம் படத்துக்குத்தான் அழகு. உச்சியில் காற்றுப் போக வழி வேண்டும். கூரைமேல் உருண்டையாகச் சுற்றுகிறதே, அது காற்றிலேயே சுற்றும், கரண்டு வேண்டாம். சுவரைக் கீழே இடுப்பளவுக்குச் செங்கல்லில் கட்டி, அதற்கு மேலே தகடு போடலாம்.

மார்கழியில் வேறு ஒரு தொல்லை. இரவில் தகரம் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் பட்டுத் துளித்துளியாக வியர்க்கும். அந்தத் துளி பாவுமேல் விழுந்தால் கறை! சரிகையும் ஈரத்தில் கறுக்கும். இதற்கும் அந்தப் பஞ்சுதான் மருந்து.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூரையில் ஒளி விடும் தகடு போட்டுத் தருவார்கள். அதைத் தறிக்கு நேர் மேலே போடாதீர்கள். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். வடக்கு ஜன்னல் நல்லது. கரையின் நிறமும் உடலின் நிறமும் கண்ணுக்குப் பிசகாமல் தெரியும்.

குழியில் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நெசவாளர் தெருவில் ஒரே பேச்சுத்தான்: "குழியில் தண்ணீர்!" குழி நிறைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். 2015 மழையைக் காஞ்சீபுரத்தார் மறக்க முடியுமா?

புதுக் கூரை போட்டால் மட்டும் குழியில் தண்ணீர் வராமல் இருக்காது. தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? தெருவிலிருந்தும் வருகிறது, பூமிக்குள்ளிருந்தும் ஊறுகிறது. தரையைத் தெரு மட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். சிமெண்டுத் தரை போடுவதற்கு முன்னால் குழியின் இடத்தைக் கயிறு கட்டிக் குறிக்க வேண்டும். குழிக்கு உள்சுவர் கட்டி ஊற்றை அடைக்க வேண்டும். தரை போட்ட பிறகு உடைத்துக் குழி தோண்டினால் செலவு இரட்டிப்பு. பெரிய கூரை பெரிய மழையைக் கொட்டும். அதைப் பிடித்துக் கொண்டுபோகும் பீலியும் குழாயும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. இரும்புக் கூரை இலேசானது. புயலில் கீழே விழாது, மேலே பறக்கும்! 2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது எத்தனை தகரங்கள் பறந்தன! சென்னைக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. "எங்கள் ஊருக்கு எந்த வேகம் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை எழுதி, பொறியாளர் கையெழுத்தோடு வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

பத்து நாள் என்பது எது வரை?

இளைஞர் சொன்ன "பத்து நாள்" பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல! அது கோத்து நிறுத்துகிற நாள் மட்டும். தொழிற்சாலையில் செய்ய வாரக் கணக்கில் ஆகும். அஸ்திவாரக் கான்கிரீட்டு முழுப் பலம் பெற 28 நாள். அஸ்திவார போல்ட்டு அரை அங்குலம் விலகினாலும் தூண் உட்காராது. அப்போது, "அஸ்திவாரம் உங்கள் வேலை" என்பார் ஒருவர். "படம் உங்களுடையது" என்பார் இன்னொருவர். ஆகவே அஸ்திவாரம் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

விலையை ஒருவர் கிலோவுக்கு இவ்வளவு என்பார். மற்றொருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? மொத்த எடையும் மொத்தத் தொகையும் இருவரிடமும் கேளுங்கள். வரி, லாரி வாடகை, கிரேன், கதவு, ஜன்னல் எல்லாம் உள்ளே சேர்ந்ததா, வெளியேயா? தகட்டின் கனத்தை "அரை மில்லிமீட்டர்" என்பார்கள். பூச்சு நீங்கலாக இரும்பு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் சிலர் தலையைச் சொறிவார்கள்! முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். படம் முடிவானபோது ஒரு பங்கு, இரும்பு வந்து இறங்கியபோது ஒரு பங்கு, ஒழுகாமல் நின்றபோது கடைசிப் பங்கு. இதற்கு ஒப்பாதவரிடம் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பிள்ளையார்பாளையத்துக்கு அருகில்தான் கைலாசநாதர் கோவில் இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பியது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இப்படிப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று 2010-ல் வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். "இது கழற்றி மாட்டுகிற கட்டடம்தானே" என்ற சமாதானத்தை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மாநகராட்சியிலும் முன்னாலேயே விசாரியுங்கள். தறிக்கூடம் கட்ட அரசு உதவித் திட்டங்கள் வருவது உண்டு. கைத்தறித் துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், வீட்டோடு ஒரு தறி, இரண்டு தறி வைத்திருப்பவருக்கு இந்தத் தொழிற்சாலைக் கட்டடம் தேவையே இல்லை. ஊரிலுள்ள இரும்புப் பட்டறைக்காரரே குழாய்க் கால் நட்டு, பஞ்சு வைத்த கூரை போட்டுக் கொடுப்பார். முடிந்தால் ஓட்டையே பழுது பார்க்கலாம். எட்டு, பத்துத் தறியை ஓரிடத்தில் வைக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் சங்கத்துக்கும்தான் இது கட்டுப்படியாகும். அவர்களும், பின்னால் நீளத்தைக் கூட்டும்படி ஒரு பக்கத்துச் சுவரைக் கழற்றக்கூடியதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் என்ன செய்தார்? அவரும் அண்ணன் தம்பிகளும் சேர்ந்து எட்டுத் தறி போட நினைக்கிறார்கள். இடம் கோவிலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. இளைஞர் இரண்டாவது படம் கொண்டுவந்தார். இந்தத் தடவை குழி இருந்தது. எட்டுக் குழி! நெசவாளர் முகத்தில் திருப்தி.

அவர் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஏங்க, வாசல் மேற்கே இருக்கிறதே? சாயங்கால வெயில் நேரே பாவுமேல் அடிக்குமே!"

இளைஞர் பேனாவை எடுத்து வாசலை வடக்கே மாற்றினார். "இப்போது சரியா அம்மா?"

"வாசல் சரி, தம்பி. தரை தெருவைவிட எவ்வளவு உயரம்?"

அது படத்தில் இல்லை. மூன்றாவது படம் இன்னும் வரவில்லை.