வேகமும் விலையும்: ‘தெரிவுச் சுதந்திரம்’ என்னும் மாயை

மேற்கு ஐரோப்பிய மோட்டார்ச் சஞ்சிகைகளைப் படிப்போர் ஒரு வினாவை ஆண்டு தவறாது எதிர்கொள்வர். ‘ஹொற் ஹற்ச்’ என வழங்கப்படும், பின்கதவுடைய சிறிய, விரைவான கார்களுள் எதனைத் தெரிவு செய்வது? வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ.யையா, ஹொண்டா சிவிக் ரைப் ஆரையா, டொயோட்டா ஜி.ஆர். யாரிஸையா? பரிவலு எவ்வளவு, நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்றெல்லாம் அட்டவணைகள் வகுக்கப்படும். இறுதியில் ஒன்றுக்கு முடி சூட்டப்படும். விலையோ அட்டவணையின் அடியில், இயற்கையின் நியதி போல் அச்சாகியிருக்கும். மழை பெய்கிறது, வெயில் எறிக்கிறது, விலை ஏறுகிறது. எவரும் இதற்குப் பொறுப்பில்லை என்பதே அதன் உட்பொருள்.

இவ்வுட்பொருள் மறுக்கப்பட வேண்டியது. விலை தானாக ஏறவில்லை, ஏற்றப்பட்டது. தெரிவும் விரியவில்லை, ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியே வந்துள்ளது. இவ்வூர்திகளில் ஒன்றையேனும் நேரிற் கண்டிராத வாசகருக்கும் இவ்விடயம் அந்நியமானதன்று. சாதாரண வருவாயுடையோரை நோக்கித் தோன்றிய ஒரு பொருள் படிப்படியாக வசதி படைத்தோரின் உடைமையாவதும், அம்மாற்றத்துக்கு ‘நுகர்வோர் விருப்பம்’ எனப் பெயர் சூட்டப்படுவதும் மோட்டார்க் கைத்தொழிலுக்கு மட்டும் உரிய கதையன்று.

மலிவின் பிறப்பு

1961இல் வெளிவந்த மினி கூப்பர், பெருவிலைக் கார்களை விஞ்சி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டப் போட்டியை வென்றது. சிறிய குடும்பக் காரும் விரைந்தோட வல்லது என்பதை உலகு அப்போதே அறிந்துகொண்டது. 1975 செப்ரெம்பரில் பிராங்பேர்ட் மோட்டார்க் கண்காட்சியில் வோக்ஸ்வேகன் நிறுவனம் கோல்ஃப் ஜி.ரி.ஐ.யைக் காட்சிக்கு வைத்தது. மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், 110 பரிவலு, ஏறத்தாழ 810 கிலோகிராம் நிறை, மணிக்கு 180 கிலோமீற்றரைத் தாண்டும் வேகம். போட்டி விதிகளை நிறைவு செய்யும் பொருட்டு 5,000 கார்களை மட்டும் செய்வதே நிறுவனத்தின் தொடக்க எண்ணம். முதலாந் தலைமுறையில் மாத்திரம் விற்பனையானவை நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டவை. ரெனோ 5 அல்பைன், பேஜோ 205 ஜி.ரி.ஐ. எனப் பிற நிறுவனங்களும் இத்தகைய கார்களைச் செய்தன.

இவ்வெற்றியின் பொருளாதார அடிப்படை எளிமையானது. இலட்சக்கணக்கில் உற்பத்தியாகும் சாதாரணக் காரின் உடலும் கதவும் இருக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. எஞ்சினும் தொங்கலமைப்பும் தடுப்புகளும் மாத்திரம் மேம்படுத்தப்பட்டன. வடிவமைப்புச் செலவின் பெரும்பகுதியைச் சாதாரணக் காரை வாங்கியோர் ஏலவே சுமந்துவிட்டனர். எனவே விரைவான கார் என்பது சாதாரணக் காரின் பிள்ளை. தாய் இருக்கும் வரையிலேயே பிள்ளைக்கு வாழ்வு.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இக்கார் ஏழையின் ஊர்தியாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் ஓர் இளம் எழுதுவினைஞனோ தொழில்நுட்பத் தொழிலாளியோ ஆசிரியையோ சிக்கனத்தினால் எட்டக்கூடிய எல்லையில் அது இருந்தது. பணம் படைத்தோரின் விளையாட்டுக் காரை மலைப்பாதை வளைவொன்றில் அது முந்திச் சென்றது. அதன் கவர்ச்சி முழுவதும் அந்தச் சமத்துவத்திலேயே தங்கியிருந்தது.

எண்கள் கூறும் கதை

பிரித்தானியச் சந்தையின் விலைகளை நோக்குவோம். 2013இல் ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்.ரி.யின் தொடக்க விலை 16,995 பவுண். 2018இல் வந்த அடுத்த தலைமுறையின் விலை 18,995 பவுண். அதே 2018இல் வோக்ஸ்வேகன் அப் ஜி.ரி.ஐ. 13,750 பவுணுக்குக் கிடைத்தது. அதன் பரிவலு 115, அதாவது முதல் கோல்ஃப் ஜி.ரி.ஐ.யை ஒத்தது. இனி மறுபக்கம். 2017இல் 30,995 பவுணாக இருந்த சிவிக் ரைப் ஆர், அடுத்த தலைமுறையில் 46,995 பவுணாயிற்று. 2020இல் ஜி.ஆர். யாரிஸின் தொடக்க விலை 29,995 பவுண். 2024இல் 44,250 பவுண். பிந்திய காரில் மேலதிக உபகரணங்கள் உள்ளன என்பது உண்மை. ஆயின் 2020இல் அத்தகைய உபகரணங்களுடன் விற்கப்பட்ட வகையின் விலையும் 33,495 பவுணே. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் எஞ்சி நிற்கிறது.

விலை ஏறாத கார்கள் யாவை? அவை இல்லாமற் போனவை. 2023 யூலையில் ஜேர்மனியின் கொலோன் நகரில் ஃபியஸ்டாவின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அப் காரும் அவ்வாண்டிலேயே முடிவுக்கு வந்தது. ரெனோ மெகான் ஆர்.எஸ். 2023உடன் மறைந்தது. ஹியுண்டாயின் ஐ20 என், ஐ30 என் ஆகியவை 2024இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. மலிவானவை கொல்லப்பட்ட பின்னர், எஞ்சிய விலையுயர்ந்தவற்றுள் ‘எதனை விரும்புகிறாய்?’ என்று கேட்பதற்குப் பெயர் தெரிவுச் சுதந்திரம்!

சட்டத்தின் மீது பழி

கைத்தொழிலின் முதல் நியாயம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு நிறுவனத்தின் புதிய கார்கள் வெளியிடும் காபனீரொட்சைட்டின் சராசரி, கிலோமீற்றருக்கு 95 கிராம் என்னும் இலக்கை ஒட்டியிருக்க வேண்டியிருந்தது. மிகையாகும் ஒவ்வொரு கிராமுக்கும் காருக்கு 95 யூரோ தண்டம். பிரான்சில் 2024ஆம் ஆண்டு அதிக புகை வெளியிடும் புதிய காருக்கான வரியின் உச்சம் 60,000 யூரோ. பாதுகாப்பு விதிகளும் 2022இலும் 2024இலும் இறுக்கப்பட்டன. இவை செலவைக் கூட்டின என்பதை மறுப்பது நேர்மையன்று.

எனினும் இந்நியாயம் பாதி உண்மையே. தண்டம் தனியொரு காரின் மீதன்றிச் சராசரியின் மீதே விதிக்கப்பட்டது. அச்சராசரியை உயர்த்தியவற்றுள் முதன்மையானவை சந்தையை நிறைத்த பாரிய, உயர்ந்த, நிறைமிக்க ஊர்திகள். ஆயிரம் கிலோகிராம் அளவிலான சிறிய விரைவுக் கார்களின் பங்கு அற்பமானது. மேலும் அவ்விதியில் நிறை கூடிய கார்களைச் செய்யும் நிறுவனத்துக்குத் தளர்ந்த இலக்கும், நிறை குறைந்தவற்றைச் செய்வோருக்கு இறுகிய இலக்கும் அளிக்கப்பட்டிருந்தன. மெலிந்தவனைத் தண்டித்துப் பருத்தவனுக்குச் சலுகை வழங்கும் சூழற் சட்டம் எவருடைய நலனுக்கு இயைந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான காரணம் இலாபக் கணக்கிலேயே வெளிப்படுகிறது. 2021இல் குறைகடத்திகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, கிடைத்தவற்றை இலாபம் கூடிய கார்களுக்கே நிறுவனங்கள் ஒதுக்கின. மேர்சிடிஸ்-பென்ஸ் அவ்வாண்டில் முந்திய ஆண்டிலும் குறைவான கார்களை விற்றுக் கூடிய இலாபம் ஈட்டிற்று. 2022இல் அதே நிறுவனம் தனது தொடக்க நிலைக் கார்களின் ஏழு வகைகளை நான்காகக் குறைக்கப்போவதாகப் பகிரங்கமாகவே அறிவித்தது. குறைத்துச் செய்து கூடிய விலைக்கு விற்கலாம் என்னும் பாடத்தைப் பஞ்சம் கற்பித்தது; பஞ்சம் நீங்கிய பின்னும் பாடம் மறக்கப்படவில்லை. ஃபியஸ்டா பிறந்த கொலோன் தொழிற்சாலை இப்போது மின்சாரத்தில் இயங்கும், விலை கூடிய, பாரிய ஊர்திகளையே ஈனுகிறது. தாய் அழிந்தாள், பிள்ளை பிறக்க வழியில்லை.

‘இன்னும் ஓராயிரம் பவுண்’

இரண்டாவது நியாயம் நுகர்வோர் விருப்பம். கூடிய வேகத்தையும் கூடிய வசதியையும் மக்களே கேட்டனர் என்பர். இதனைப் பரிசீலிக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

2018இல் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் பிரித்தானியாவில் 17,999 பவுணுக்கு வந்தது. பரிவலு 140, நிறை 975 கிலோகிராம். முதல் கோல்ஃப் ஜி.ரி.ஐ.யின் மரபை அதனினும் நெருக்கமாகப் பின்பற்றிய கார் அந்நாளில் அரிது. ஆனால், இன்னும் ஓராயிரம் பவுண் கொடுத்தால் 200 பரிவலுவுடைய ஃபியஸ்டா எஸ்.ரி. கிடைக்குமே என்பதே விமர்சகர் பலரின் குறைபாடு. அவ்வாதம் தன்னளவில் அறிவுக்குப் பொருந்துவதே. ஆனால் அதே வாதத்தை ஃபியஸ்டாவின் படியில் நின்றும் கூறலாம். இன்னுஞ் சில ஆயிரத்தில் அதற்கடுத்தது கிடைக்கும். இவ்வாறு ஒவ்வொரு படியும் நியாயமாகவே தோன்ற, ஏணி நாற்பதாயிரம் பவுணையும் தாண்டுகிறது. 421 பரிவலுவுடைய மேர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. ஏ45 எஸ் அந்த ஏணியின் உச்சியிற் பிறந்த விந்தை. ஒரு சிறு குடும்பக் காருக்கு 421 பரிவலு எதற்கு என்னும் வினா, ஏணியில் ஏறுவோருக்குத் தோன்றுவதேயில்லை.

மாதத் தவணை முறை இந்த ஏறுதலை மேலும் இலகுவாக்கிற்று. முழு விலை மறைந்து, மாதமொன்றுக்குச் சில பவுண் வித்தியாசம் மட்டுமே கண்ணிற் பட்டது. மேலே ஏற இயலாதவர் சந்தையை விட்டு வெளியேறினார். எஞ்சியோரின் குரலே ‘மக்கள் விருப்பம்’ எனப் பதிவாயிற்று. வெளியேற்றப்பட்டவரின் விருப்பத்தை எந்த விற்பனைக் கணக்கும் காட்டுவதில்லை.

இரங்கத் தக்கதா?

முற்போக்குச் சிந்தனையுடையோர் சிலர் இவ்விடத்தில் இடைமறிப்பர். எரிபொருளை வீணாக்கும் ஒரு கேளிக்கைப் பொருள் மறைந்தால் மறையட்டுமே, அதற்கென்ன ஒப்பாரி என்பர். இக்கார்களின் வரலாறு கறையற்றதன்று. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானியாவில் இவை திருடப்பட்டு வெறித்தனமாக ஓட்டப்பட்டன. காப்புறுதிக் கட்டணம் இளைஞர் தாங்கவியலா வண்ணம் உயர்ந்தது. பொதுப் போக்குவரத்தே மேலானது என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் சிறிய காரின் இடத்தைப் பேருந்து பிடிக்கவில்லை. பாரிய ஊர்தி பிடித்தது. 810 கிலோகிராமில் நிறைவு கண்ட ஒரு வேட்கை 1,500 கிலோகிராமுக்கும் அப்பால் தள்ளப்பட்டமை சூழலுக்கு வெற்றியாகாது. களிப்பு செல்வருக்குரியது, சாதாரண மனிதனுக்குப் பயன்பாடு போதும் என்னும் எண்ணம் முற்போக்கானதுமன்று; அது பழைய பிரபுத்துவத்தின் எண்ணம்.

மின்சாரக் காரின் வருகை ஓர் உண்மையை அம்பலப்படுத்தியுள்ளது. 2023இல் சீன உரிமையிலான எம்.ஜி. நிறுவனம், 435 பரிவலுவுடைய எம்.ஜி.4 எக்ஸ்பவர் காரைப் பிரித்தானியாவில் 36,495 பவுணுக்கு விற்பனைக்கு விட்டது. வலு இனி விலையுயர்ந்த பண்டமன்று. அப்படியாயின் வலுவின் பெயரால் இதுகாறும் உயர்த்தப்பட்ட விலைக்கு நியாயம் யாது? இதற்கு விடையாக ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஒக்ரோபரில் சீன மின்சாரக் கார்கள் மீது மேலதிகத் தீர்வை விதித்தது, எம்.ஜி.யின் உரிமையாளரான நிறுவனத்துக்கு அது 35.3 வீதம். சீன அரசின் மானியம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மானியம் உண்டென்றே கொள்வோம். எனினும், தெரிவைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று நேற்று வரை ஓதியோர், சந்தை மலிவானதைக் கொணர்ந்தபோது வாயிலை அடைத்தனர்.

ஆகவே, எந்தக் காரைத் தெரிவு செய்வது என்னும் வினா இரண்டாம் நிலையினது. எக்கார்களைச் செய்வது, எவற்றைக் கைவிடுவது என்னும் தெரிவு வாங்குவோரின் கையில் இல்லாதவரை, விற்பனைக்கூடத்தில் நிகழ்வது தெரிவன்று. விமர்சகர் பரிவலுவை முதலிலும் விலையை ஈற்றிலும் எழுதும் வழக்கத்தை மாற்றட்டும். நிறையையும் விலையையும் முதற்கண் வைத்து மதிப்பிடட்டும். சட்டம் இயற்றுவோர் நிறைக்கு வரி விதித்து, இலேசானதற்கு வழி திறக்கட்டும். வாங்குவோரோ அடுத்த படியில் கால் வைக்குமுன், அந்த ஏணியை அங்கு சாத்தி வைத்தவர் யார் என்று கேட்கட்டும்.