சட்டத்தில் ஒரு சொல்

விண்ணப்பப் படிவங்களில் 'பால்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு வினாடியில் நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகின்றன.

அமெரிக்காவின் குடிமை உரிமைகள் சட்டம் 1964இல் வந்தது. கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதே அதன் முதல் நோக்கம். வேலை பற்றிய பகுதியில் இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றோடு 'பால்' என்ற சொல்லும் இருக்கிறது. விவாதத்தின் நடுவே அதைச் சேர்க்கச் சொன்னவர் வர்ஜீனியாவின் ஹாவர்ட் ஸ்மித். அவரோ இந்தச் சட்டத்தையே எதிர்த்தவர்! மசோதாவைக் கவிழ்க்கத்தான் அப்படிச் செய்தார் என்று சொல்வோர் உண்டு. ஆனால் மார்த்தா கிரிஃபித்ஸ் போன்ற பெண் உறுப்பினர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சொல் சட்டத்தில் ஏறிவிட்டது. அதற்கு விளக்கம் மட்டும் எழுதப்படவில்லை.

விளைவு என்ன? கர்ப்பிணிகளுக்குச் சலுகை மறுப்பது பால் பாகுபாடு ஆகாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைத் திருத்த வேண்டியிருந்தது.

அடுத்தது ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு. ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் 662 பங்குதாரர்கள். அதில் பெண்கள் 7 பேர்தான். 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரே பெண் ஹாப்கின்ஸ். பதவி கிடைக்கவில்லை. இன்னும் பெண்மையோடு நடக்க வேண்டும், பேச வேண்டும், ஒப்பனை செய்து நகை அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. 'பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று எதிர்பார்த்துத் தண்டிப்பதும் பால் பாகுபாடுதான் என்ற கருத்துக்கு 1989 தீர்ப்பு வழி திறந்தது.

அந்த வழியில் வந்தவர்தான் ஏமி ஸ்டீவன்ஸ். மிச்சிகனில் இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆணாக வேலை செய்தவர். இனிமேல் பெண்ணாக வாழப் போகிறேன், பெண் உடையில் வேலைக்கு வருவேன் என்று 2013இல் முதலாளியிடம் கடிதம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வேலை போயிற்று.

ஓரினச்சேர்க்கையாளர்கள் இருவரின் வழக்குகளோடு சேர்த்து, 2020 ஜூன் 15இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச் அதிபர் டிரம்ப் நியமித்த பழமைவாத நீதிபதி.

பலரும் கவனிக்காத இடம் இதுதான்: அந்தத் தீர்ப்பு 'பால்' என்ற சொல்லுக்குப் புதுப் பொருள் தரவில்லை. உடல் வழி ஆண், பெண் என்ற பழைய பொருளையே வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டது. பிறப்பில் பெண் என்று பதிவான ஊழியர் பெண்ணாக வந்தால் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை. பிறப்பில் ஆண் என்று பதிவானவர் அப்படியே வந்தால் வேலை போகிறது. அப்படியானால் வேலை போனதற்கு அவருடைய பால்தானே காரணம்?

1964இல் யாரும் இப்படி நினைக்கவில்லை, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று எதிர்த்த நீதிபதிகள் வாதிட்டார்கள். புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல அது. ஆனால் கர்ப்பிணிகளையும் ஹாப்கின்ஸையும் நினைத்துப் பாருங்கள். சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்ததோடு அதன் பாதுகாப்பு நின்றிருந்தால், எத்தனை பெண்கள் வெளியே நின்றிருப்பார்கள்?

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கழிப்பறை, உடை விதிகள் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை. பால் என்பது மாற்ற முடியாத உடல் வகை, அது ஆண், பெண் இரண்டே என்று 2025 ஜனவரி 20இல் டிரம்ப் ஆணையிட்டார். அது அரசுத் துறைகளுக்கான ஆணை; உச்ச நீதிமன்றம் சட்டத்துக்குத் தந்த பொருளை அதனால் மாற்ற முடியாது. வேலையிடத்துக்கு வெளியே 2020 தீர்ப்பு செல்லுமா என்ற கேள்வியை 2025 ஜூனில் நீதிமன்றமே ஒத்திப்போட்டது.

வேலைக்கு ஆள் எடுக்கும், பதவி உயர்வு தரும் இடத்தில் நம்மில் பலர் இருக்கிறோம். சொல்லின் பொருள் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். 'இவர் எதிர்ப் பாலினத்தவராக இருந்திருந்தால் இதே முடிவைத்தான் எடுத்திருப்பேனா?' என்று கேட்டுக்கொள்ள வழக்கறிஞர் தேவையில்லை.

ஏமி ஸ்டீவன்ஸ் தம் வெற்றியைப் பார்க்கவில்லை. தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2020 மே 12இல், சிறுநீரக நோயால் இறந்துபோனார்.