ஆசிரியர் கையில் ஐந்நூறு ரூபாய்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 22/7 வரும் என்று நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் ஒரு வளையல், ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு டப்பா மூடி ஆகியவற்றை நூலால் அளந்து, மூன்றிலும் அதே விடை வருவதை நம்மில் எத்தனை பேர் கண்டோம்? இதற்கு ஒரு நூற்கண்டு போதும். ஆயினும் நாற்பது பிள்ளைகளைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, நூலும் அளவுகோலும் கத்தரிக்கோலும் வாங்கப் புகுந்தால், அச்செலவு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் தம் சட்டைப் பையிலிருந்தே கொடுத்துவிடுகின்றனர். நாமும் மேடையில் அவர்களைப் பாராட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஒருவருடைய சம்பளத்தை நம்பியா ஒரு வகுப்பின் அறிவியல் நடக்க வேண்டும்?

அரசு பணமே தரவில்லை என்று சொல்வதற்கில்லை. 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தில், ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய், கற்பித்தல் துணைப் பொருள்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் வகுப்பில் நிற்பவரே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மிக நல்லது. அப்பணத்தில் பெரும் பகுதி பல பள்ளிகளில் சார்ட் தாளாகவும் வண்ணப் பேனாவாகவும் மாறிச் சுவரில் தொங்கியது வருந்தத்தக்கது. 2018-இல் சமக்ர சிக்ஷா வந்தபின், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மொத்தமாகத் தரும் மானியமே முன்னுக்கு நிற்கிறது. மின்கட்டணம், தண்ணீர், துப்புரவு ஆகியவற்றோடு வில்தராசும் காந்தமும் அதே தொகைக்குப் போட்டியிட்டால் எது வெல்லும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சார்ட் தாள் ஏன் வென்றது? ஆசிரியர்களின் சோம்பல் என்று சிலர் கூறுவர். நான் அதை ஏற்கவில்லை. சார்ட் தாள் உடையாது, தீராது. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணிலும் படும். பிள்ளைகள் கையாளும் பொருளோ உடையும், தீரும், தொலையும். உடைந்த பொருளுக்கு இருப்புப் பதிவேட்டில் யார் கணக்குச் சொல்வது? மாறுதலாகிச் செல்லும்போது ஒப்படைக்க வேண்டிய லென்ஸ் ஒன்று குறைந்தால் என் செய்வது? இவ்வச்சம் புதிதன்று. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டியும் கணிதப் பெட்டியும் வந்தன. பல இடங்களில் அவை அலமாரியில் பூட்டியே கிடந்தன. பூட்டியவரைக் குறை சொல்வதைவிடப் பூட்டச் செய்த விதியைப் பார்ப்பதே நேர்மை.

வேறு வழியும் இந்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் உண்டு. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் நேர்ந்ததைப் பேசினர். தீர்ந்துபோகும் பொருளை நிரப்புவதும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. 30 ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது பெரிய இழப்பு என்பேன்.

அத்திட்டத்தில் 1978-இல் பணியாற்றிய அரவிந்த் குப்தா, பின்னர் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சைக்கிள் வால்டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளை இணைக்கும் முறையை உருவாக்கியவர் அவர். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்திப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். குறுக்கே மூலைவிட்டமாக ஒன்றை வைத்தால் மீண்டும் உறுதி பெறும் (அது மட்டும் சற்று நீளமான குச்சியாக இருக்க வேண்டும், எவ்வளவு நீளம் என்று கேட்டால் பிதாகரஸ் தேற்றம் தானே வந்து நிற்கும்). இரும்புப் பாலத்திலும் மின்கோபுரத்திலும் முக்கோணமாகவே தெரிவதன் காரணத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை விரலாலேயே அறிந்துகொள்கிறது.

நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் வரவேற்கத்தக்கதே. கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கு வந்து, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டுகின்றனர். ஆனால் வந்தவர் சென்றபின் மறுநாள் ஒரு மாணவி, "நூலை இன்னும் நீளமாக்கினால் ஊசல் மெதுவாக ஆடுமா?" என்று கேட்டால், அங்கே இருப்பவர் வகுப்பாசிரியர்தான். அவர் கையில் அன்றைக்கு நூலும் கல்லும் கடிகாரமும் வேண்டும்.

ஆகவே, செய்முறைக்கென்று ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஆசிரியர் பெயரிலேயே தர வேண்டும் என்பது என் கருத்து. விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். வாங்கிய பொருளைச் செலவாகும் பொருளாகவே கணக்கிட வேண்டும். உடைந்ததற்கு விளக்கம் கேட்கக் கூடாது. பணம் வீணாகாதா என்று கேட்பார்கள். சிலரிடம் வீணாகும். பில் ஒட்டும் முறை அதை ஒருநாளும் தடுத்ததில்லையே! அதற்குப் பதில், பிள்ளைகள் அளந்து எழுதிய நோட்டுகளை ஆய்வுக்கு வருபவர் புரட்டிப் பார்க்கட்டும். பத்துக் குழுவிலும் ஒரே அளவு, ஒரே கையெழுத்து என்றால் சோதனை நடக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

நம்மில் பலர் பி.எட். படிக்கச் செல்லவிருக்கிறோம். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் நண்பர்கள், அப்பள்ளியின் அறிவியல் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். திறந்து காட்டினால், உள்ளே என்னென்ன இருந்தன, அவற்றுள் எவை பிள்ளைகளின் கை பட்டவை என்று ஒரு தாளில் எழுதி அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.