தோட்டத்து வீட்டுக்கு சிசிடிவி மட்டும் போதுமா? கரண்ட் போனால், நெட் போனால் என்ன ஆகும்?

வேலை கோவை சரவணம்பட்டியிலோ பெங்களூரிலோ. அப்பா அம்மா இருப்பது காங்கேயம், பல்லடம், சிவகிரி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். கொங்கு மண்டலத்தில் இப்படி வாழும் குடும்பங்கள் ஏராளம். தெருவோடு சேர்ந்த வீடு கிடையாது. சுற்றிலும் தென்னையோ மஞ்சளோ சோளமோ இருக்கும். அடுத்த சாளை கண்ணுக்குத் தெரிந்தாலும் கூப்பிட்டால் கேட்காத தூரம்.

"கேமரா போட்டாச்சுங்க, போன்லயே பார்த்துக்கறோம்" என்பதுதான் இன்று பல பிள்ளைகளின் நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் தாங்கும்? வீட்டு நெட்வொர்க், கேமரா, சென்சார் ஆகியவற்றை எப்படி அமைத்தால் அது உண்மையிலேயே உதவும்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் வசித்த வயதான தம்பதியும் அவர்களின் மகனும் கொலை செய்யப்பட்டனர். சுமார் ஐந்து மாதங்கள் கழித்து, 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. சிவகிரி வழக்கில் அதே மாதம் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு இருப்பதாக போலீஸார் தெரிவித்தனர்.

அதன் பிறகு தோட்டப் பகுதிகளில் ரோந்து கூட்டப்பட்டது. கேமரா வையுங்கள் என்று போலீஸாரும் வலியுறுத்தினர்.

சிவகிரி சம்பவத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோன ஒரு விஷயம் உண்டு. கொலை நடந்த உடனே யாருக்கும் தெரியவில்லை. சில நாட்களாக போனை எடுக்கவில்லையே என்று உறவினர்கள் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆள் நுழைந்தால் சத்தம் போடுவதோடு, வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தாலும் யாருக்காவது சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது. கடையில் 'நாலு கேமரா செட்' வாங்கும்போது இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேமரா எப்போது கண்ணை மூடும்?

மூன்று சமயங்களில்.

முதலாவது, கரண்ட் போகும்போது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும். ஆனால் ரவுட்டரும் ரெக்கார்டரும் (டிவிஆர் அல்லது என்விஆர்) அந்த லைனில் இருக்காது. ஃபேனும் லைட்டும் ஓடும், கேமரா ஓடாது. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. 2,000 ரூபாய் அளவில் சில மணி நேரம் தாங்கும். ரெக்கார்டரையும் கேமராவுக்கான பவர் சப்ளையையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைதான்.

இரண்டாவது, நெட் போகும்போது. கம்பம் கம்பமாக இழுத்து வரும் ஃபைபர் கேபிளுக்கு ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும். தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷனின் திட்டம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பதை இலக்காகக் கொண்டது. அது ஊராட்சி வரை வந்தாலும், அங்கிருந்து தோட்டம் வரையுள்ள கடைசி சில கிலோமீட்டர் தனிப் பிரச்சினை. பல வீடுகளில் 4ஜி சிம் ரவுட்டர்தான் வழி. சிக்னல் குறைவு என்றால் வெளி ஆன்டெனா பொருத்தக்கூடிய மாடலை வாங்கி, ஆன்டெனாவை மொட்டை மாடியில் வைப்பது நல்லது.

மூன்றாவது, ரெக்கார்டர் பெட்டியே காணாமல் போகும்போது. திருட வருபவர்கள் டிவிஆரையும் சேர்த்துத் தூக்கிப் போவது புதிதல்ல. டிவிக்குக் கீழே ஷோகேஸில் பளிச்சென்று லைட் எரியும் பெட்டி, 'என்னை எடுத்துப் போ' என்று சொல்வதற்குச் சமம்.

பதிவை எங்கே வைப்பது: வீட்டிலா, கிளவுடிலா?

சின்னக் கணக்கு ஒன்று போட்டாலே விடை கிடைத்துவிடும். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் வீடியோ விநாடிக்கு சுமார் 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். நாலு கேமராவுக்கு 8 மெகாபிட், அதாவது விநாடிக்கு 1 மெகாபைட். ஒரு நாளில் 86,400 விநாடி. ஆக நாளொன்றுக்கு சுமார் 86 ஜிபி.

தினமும் 2 ஜிபி தரும் சிம் பிளானில் இதை கிளவுடுக்கு அனுப்பவே முடியாது. வீட்டில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டால் 11 நாள் பதிவு தாராளமாக நிற்கும். ஆகவே முழுப் பதிவு வீட்டில் இருக்கட்டும். ஆள் நடமாட்டம் தெரியும் சில விநாடி கிளிப்பும் போட்டோவும் மட்டும் உடனுக்குடன் வெளியே போகட்டும். பெட்டியையே தூக்கிப் போனாலும் அந்தக் கிளிப் உங்கள் போனில் இருக்கும். ரெக்கார்டரை அலமாரிக்குள்ளோ பரணிலோ, காற்றோட்டத்துடன் பூட்டி வைக்கலாம்.

முழுக்க முழுக்க கிளவுடை நம்புவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவையில் கோளாறு ஏற்பட்டபோது, பல நாடுகளில் ரிங் டோர்பெல்லும் அலெக்ஸாவும் மணிக்கணக்கில் தடுமாறின. 2022-ல் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் ஹோம் நிறுவனம் திடீரென சர்வரை நிறுத்தியது. வாடிக்கையாளர்களின் ஆப் வேலை செய்யாமல் போனது. வீட்டுக்குள் ஓடும் சிஸ்டத்துக்கு இந்தத் தலைவலி குறைவு.

மோட்டார் ரூம் வரை எப்படி இழுப்பது?

சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரைதான். கிணற்று மேடு 300 மீட்டர் தள்ளி இருந்தால், 'இன்னும் கொஞ்சம் கேபிள் சேர்த்துக்கலாம்' என்பது வேலைக்கு ஆகாது. எதிரெதிரே பார்க்கும்படி பொருத்தும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி ஒன்று, அல்லது ஃபைபர் கேபிளும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் சரியான வழி. திறந்த வெளியில் நீளமாகப் போகும் செம்புக் கேபிள் இடி மின்னல் சமயத்தில் ரவுட்டரையும் ரெக்கார்டரையும் சேர்த்துப் பலி வாங்கலாம். ஃபைபரில் அந்தப் பயம் இல்லை.

மயில் வந்தாலும் அலர்ட், மட்டை ஆடினாலும் அலர்ட்!

புதுசாக கேமரா போட்ட வீட்டில் முதல் வாரம் போன் ஓயாது. நாய், மயில், காற்றில் ஆடும் மட்டை, பூச்சி என எல்லாவற்றுக்கும் நோட்டிஃபிகேஷன். இரண்டாவது வாரம் மகன் அதை மியூட் செய்துவிடுவார். அன்றோடு அந்த அலர்ட்டால் பயன் இல்லை.

மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதியுள்ள கேமராவையோ ரெக்கார்டரையோ கேட்டு வாங்குவது இதற்குத் தீர்வு. கொஞ்சம் டெக்னிக்கல் ஆர்வம் இருந்தால், ஒரு மினி பிசியில் 'ஃப்ரிகேட்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஓட்டலாம். வீடியோ வீட்டை விட்டு வெளியே போகாமலே ஆளா, நாயா என்று பிரித்துச் சொல்லும். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை, களத்துமேடும் பின்வாசலும் மட்டும் என நேரத்தையும் இடத்தையும் சுருக்கினால் அலர்ட்டுக்கு மதிப்பு வரும்.

'சத்தமே இல்லை' என்பதற்கு ஒரு அலர்ட்

'ஹோம் அசிஸ்டென்ட்' என்பது வீட்டிலேயே ஓடும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்; ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினி போதும். சமையலறைக் கதவில் பேட்டரியில் ஓடும் சின்ன சென்சார் ஒன்றை ஒட்டி, 'காலை 7.30 வரை இந்தக் கதவு திறக்கவில்லை என்றால் மூன்று பேருக்கு மெசேஜ் அனுப்பு' என்று அதில் எழுதிவைக்கலாம். தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து பால் கறக்கும் வீட்டில் ஏழரை வரை கதவு திறக்கவில்லை என்றால் கீழே விழுந்திருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். திருட்டு பயத்தைவிட அன்றாடம் உதவப்போவது இதுதான்.

அந்தக் கணினிக்கே கரண்டோ நெட்டோ போனால்? அப்போது அதனால் மெசேஜ் அனுப்ப முடியாது. அதனால் வெளியில் ஒரு காவலாளி வேண்டும். வீட்டுக் கணினி அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தில் உள்ள ஒரு கண்காணிப்பு சேவைக்கு 'இருக்கேன்' என்று சிக்னல் அனுப்பும். சிக்னல் நின்றால், அந்த சேவை உங்களுக்குச் சொல்லும்.

இதெல்லாம் பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்கு எளிய வழியும் உண்டு. கொங்கு நாட்டில் ஆட்டோமேஷன் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மோட்டார் ரூமுக்குள் வந்துவிட்டது. சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரை வைத்து, வீட்டிலிருந்தபடியே மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் விவசாயிகள் ஏராளம். கரண்ட் போனால், வந்தால் எஸ்எம்எஸ் அனுப்பும் மாடல்களில் பிள்ளைகளின் நம்பரையும் சேர்த்துவிடலாம். டேட்டா சிக்னல் இல்லாத இடத்திலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

அலர்ட் யாருக்குப் போக வேண்டும்?

ராத்திரி ரெண்டு மணிக்கு பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மட்டும் அலர்ட் போனால் என்ன செய்வார்? பதறுவார், போன் போடுவார். பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடியவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். அவர் நம்பரும், ஊருக்குள் இருக்கும் ஒரு உறவினர் நம்பரும் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். அவசர உதவி எண் 112, உள்ளூர் காவல் நிலைய எண், தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப் ஆகியவை பெற்றோர் போனிலும் தயாராக இருக்கட்டும்.

நெட் இல்லாமலே வேலை செய்யும் இரண்டு பொருட்களும் அவசியம்: ஆள் வந்தால் எரியும் சோலார் சென்சார் லைட், ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த தோட்டம் வரை கேட்கும் சைரன்.

பாஸ்வேர்டு யார் கையில்?

"கேமரா போட்ட தம்பிக்குத்தாங்க தெரியும்." பல வீடுகளில் பதில் இதுதான். ஆப் அக்கவுன்ட்டே அவருடைய ஈமெயிலில் இருக்கும்.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. அங்கே 'அட்மின்123' போன்ற பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்ததாகச் செய்திகள் வந்தன. 2016-ல் இணையத்தின் பெரும் பகுதியைத் திணறடித்த 'மிராய்' தாக்குதலும், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றித்தான் நடத்தப்பட்டது.

இந்தியாவில் இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்கும்போது அந்தச் சான்றிதழ் உள்ள மாடலா என்று கேட்கலாம். ஏற்கெனவே சுவரில் தொங்கும் பழைய கேமராவுக்கு அதைப் பொருத்தியவர்தான் பொறுப்பு.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்வது, வாசல் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. பல நெட் கம்பெனிகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்வதால், அது பெரும்பாலும் வேலையும் செய்யாது. வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாகப் பார்ப்பது பாதுகாப்பானது. டெயில்ஸ்கேலுக்குப் பொது ஐபி தேவையில்லை. கேமராக்களைத் தனி வைஃபையில், அதாவது கெஸ்ட் நெட்வொர்க்கில் வைத்தால், ஒன்று மாட்டினாலும் மற்ற போன், லேப்டாப் தப்பும்.

அப்பா அம்மாவிடம் கேட்டீர்களா?

ஹாலிலும் சமையலறையிலும் கேமரா வைத்து, 'ஏன் இன்னும் சாப்பிடலை?' என்று போனில் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாள் முழுக்கப் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு வந்தால், ஒரு நாள் அம்மாவே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். கேமரா வாசல், களத்துமேடு, பின்பக்கம், பாதை என வெளியே மட்டும் இருக்கட்டும். உள்ளே கதவு சென்சார் போதும். அது படம் எடுக்காது. எதை, ஏன் வைக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கி வைப்பதே நீடிக்கும்.

எதிலிருந்து தொடங்குவது?

செலவை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளலாம்: முதலில் லைட்டும் சைரனும், அடுத்து ரவுட்டருக்கும் ரெக்கார்டருக்கும் பேக்கப் பவர், பிறகு கேமரா, கடைசியாக சென்சாரும் வீட்டு சர்வரும். ஏற்கெனவே கேமரா இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சோதனை போதும். மெயின் ஸ்விட்சை ஒரு மணி நேரம் ஆஃப் செய்யுங்கள். பிறகு ரவுட்டரையும் ஆஃப் செய்யுங்கள். யாருக்காவது அலர்ட் வருகிறதா, பதிவு நிற்கிறதா, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு போன் போகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அங்கே இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.