விளையாட்டும் ஒரு பாடமே!

"கணிப்பொறியில் விளையாடுவது வீண்பொழுது" என்பது பெரியோர் பலரின் கருத்து. வெறுமனே விளையாடுவதைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால், பலர் கூடி ஆடும் விளையாட்டின் சர்வரை நாமே அமைத்து நடத்துவது வேறு. அது சிறந்ததொரு செய்முறைப் பயிற்சி என்பதே என் துணிபு.

எடுத்துக்காட்டாக 'லுவாண்டி'யைக் காண்போம். 2010-இல் 'மைன்டெஸ்ட்' என்ற பெயரில் தோன்றி, 2024-இல் இப்பெயர் பெற்றது இது. கட்டைகளை அடுக்கி உலகு சமைக்கும் விளையாட்டுகளுக்கான கட்டற்ற மென்பொருள், காசு வேண்டியதில்லை. இதன் சர்வரை, 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' துணையோடு ஒரு கண்டெய்னருக்குள் இயக்கலாம். கண்டெய்னர் என்பது கட்டுச்சோறு போன்றது. மென்பொருளும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளும் ஒரே மூட்டையில் இருக்கும்.

இதில் என்ன பாடம் என்று கேட்கலாம். லுவாண்டி சர்வர் வழக்கமாக 30000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அந்த எண்ணை மட்டும் குறிப்பிட்டால் டாக்கர் டிசிபி முறைக்கே வழி திறக்கும். லுவாண்டியோ யுடிபி முறையில் பேசுவது. 'யுடிபி' என்று சேர்த்து எழுதாவிடில், சர்வர் ஓடும். வெளியிலிருந்து ஒருவராலும் நுழைய முடியாது! தொலைந்த செய்தி மீண்டும் வரும்வரை பின்வருவனவற்றை நிறுத்தி வைப்பது டிசிபியின் இயல்பு. ஓடியாடும் ஆட்டத்திற்கு அத்தாமதம் ஆகுமா? தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வேறுபாடு இங்கே உயிர் பெறுகிறதல்லவா?

அடுத்தது சேமிப்பு. கண்டெய்னரை நீக்கினால் அதனுள் எழுதியவையும் அழியும். உலகக் கோப்புகளை வெளியே ஒரு 'வால்யூமி'ல் வைத்தால்தான், நண்பர்கள் நாள்கணக்கில் கட்டிய கோட்டை பிழைக்கும். கடவுச்சொல் இன்றி எவரும் நுழையாமல் தடுப்பதும், ஆடுவோர் தொகைக்கு வரம்பு இடுவதும் நிர்வாகியின் கடமை. பிறர் உழைப்பைக் காக்கும் பொறுப்பை இது நமக்குக் கற்பிக்கிறது.

வசதி படைத்தோர் இவற்றை வீட்டிலேயே பழகிவிடுகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர்க்கு ஆய்வகம் ஒன்றே கதி. அங்கும் 'விளையாட்டு' என்ற சொல்லுக்கே தடை என்றால் நாங்கள் எங்கே கற்பது?

நாம் வேண்டுவது பெரிதன்று. ஒதுக்கிவைத்த பழைய கணிப்பொறி ஒன்று. ஆசிரியர் மேற்பார்வையில் வாரம் ஒரு மாலை. தேவையானவற்றை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பின்பு இணையம்கூட வேண்டாம். ஆய்வகத்தின் உள்வலையே போதும். மாணவ நண்பர்களே! பிறர் அமைத்த களத்தில் ஆடினால் மட்டும் போதாது. களம் அமைக்கவும் கற்போம்!