குன்றுச் சரிவிலும் இருப்பு எடுக்க வேண்டும்

ஆண்டிறுதியில் கிடங்கில் இருப்பு எடுக்காமல் ஐந்தொகை தயாரிக்கும் சங்கம் எதுவும் இல்லை. நூல் கட்டு ஒன்று குறைந்தாலும் செயலாளரிடம் விளக்கம் கேட்கிறோம். ஆனால் வண்டலூர் முதல் சிங்கப்பெருமாள் கோயில் வரை, காட்டாங்குளத்தூர் ஒன்றியத்துக் குன்றுகளின் அடிவாரப் புதர்க்காட்டுக்கு ஊர்க்கணக்கு வழங்கும் பெயர்கள் ‘கல்லாங்குத்து’, ‘தரிசு’ என்பனவே. அங்கு என்ன விளைந்து நிற்கிறது என்று எழுத அக்கணக்கில் இடமில்லை. தரிசென்று பெயர் பெற்ற நிலத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இதனாலேயே வேரூன்றுகிறது.

உண்மையில் அது தரிசன்று. நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களின் வறட்சியைத் தடித்த இலைகளுடன் தாங்கி, கோடையிலும் பசுமை குன்றாது நிற்கும் புதர்கள் இங்குள்ளவை. சாம்பியன், சேத் என்னும் இரு வனவியலார் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் பகுப்பில், வறண்ட பசுமைமாறாக் காடு என்று இதற்குத் தனி இடம் அளித்துள்ளனர்.

நெசவாளர் அங்கத்தினர்கள் காயாவை அறிந்திருத்தல் வேண்டும். காசா என்றும் அதனைச் சொல்வர். அதன் இலையில் மஞ்சள் சாயம் உண்டு. அலுமினியச் சத்தும் மிகுதி. ஆதலால் படிகாரத்தைப் போலச் சாயத்தை நூலில் பற்றச் செய்கிறது. சாயவேரின் சிவப்பு துணியில் நிலைக்க முன்னோர் இவ்விலையைத் துணைகொண்டனர். 1868-இல் ஜெர்மானிய வேதியியலார் அலிசரின் சாயத்தைச் செயற்கையாகச் செய்த பின் சாயவேர் மதிப்பிழந்தது, காயாவும் மறக்கப்பட்டது. பயிரிடுவோருக்கோ கொழிஞ்சியும் ஆவாரையும் வயலுக்குத் தழை உரமாயின. திருக்கச்சூரில் மலையடிவாரத்து இறைவனுக்கு மருந்தீசர் என்று பெயர் வழங்குவதும் கருதத்தக்கது.

சீமைக்கருவேல், உண்ணிச்செடி போன்ற அயல் களைகளை அகற்ற மாநில அரசு 2022-இல் கொள்கை வகுத்துள்ளது. நல்லதே. ஆயினும் எது களை, எது காயா என்று பதிவில்லாத சரிவில் இயந்திரத்தை ஓட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமற் போகவில்லை. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைய வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நாடெங்கும் இவ்வேலை தேங்கவே, பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐத் தவணையாக வைத்தது. தவறும் மாநிலம் மாதம் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. தவணைக்கு அஞ்சி எழுதும் பேரேடு எப்படியிருக்கும் என்பதைத் தணிக்கை செய்து பழகிய நாம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கெடுப்பது கடினமன்று. அடிவாரம், நடுச்சரிவு, மேற்சரிவு என மூன்று மட்டங்களிலும் 5 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைக் கயிற்றால் அளந்து, உள்ளிருக்கும் புதர்களின் பெயர், எண்ணிக்கை, உயரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அழகான இடமாகப் பார்த்துச் சதுரம் போடுவது கள்ளக்கணக்கு. ஆடு தின்னாத விராலியும் ஆவாரையுமே மிகுந்திருந்தால் மேய்ச்சல் அளவு கடந்துவிட்டது என்று கொள்ளலாம். காயா, வீரை ஆகியவற்றின் வெட்டுண்ட அடிக்கட்டைகளையும் விடாது எண்ண வேண்டும். அவை மீண்டும் துளிர்க்கும் இயல்பின. மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் எடுத்தாலே கணக்கு முழுமை பெறும்.

செடிகளின் பெயரைச் சொல்ல இருளர் பெருமக்கள் இருக்கின்றனர். பாம்பு பிடிக்கும் அவர்தம் அறிவு 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கமாகி, நஞ்சுமுறி மருந்துக்கு விடம் அளித்து வருகிறது. அவர்களை அழைத்துப் பெயர் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் அனுப்புவது முறையன்று. பொதுநல நிதியிலிருந்து நாட்கூலி வழங்கப் பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்.

காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே புறம்போக்குச் சரிவுகளிலிருந்து தொடங்குவோம். முதலில் கைநழுவக் கூடியவையும் அவையே.